எடை குறைக்கும் ஒப்பரேஷன்: ஜீபி வரிசையா, ஊசியா, துருக்கியா?

போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவரும் ஒரே மாதிரித்தான் கேட்டார்கள். கடையில் வேறு யாரும் நிற்கிறார்களா என்று ஒருதரம் சுற்றிப் பார்த்தார்கள், அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீர் அந்த ஒப்பரேஷன் செய்தனீராம், உண்மையோ?"

உண்மைதான். 2023 கோடையில், என்.எச்.எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையில், ஒரு சதமும் கட்டாமல் செய்தேன். வடமேற்கு லண்டனில் ஒரு மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறேன், அதனால் எடை குறைக்கும் ஊசி வாங்க வருபவர்களையும், துருக்கிக்குப் போய்வந்து வாந்திக்கு மருந்து கேட்பவர்களையும், ஜீபி (குடும்ப வைத்தியர்) மறுத்துவிட்டார் என்று முகம் தொங்கிப்போய் வருபவர்களையும் தினமும் பார்க்கிறேன். போன மாதம் கேட்ட அந்த மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஆனால் மூவருக்கும் முதலில் சொன்னது ஒன்றுதான்: வேறு எதைச் செய்வதாக இருந்தாலும் ஜீபியிடம் போய் வரிசையில் பெயரைப் போட்டுவிடுங்கள். வரிசையில் நிற்பதற்குக் காசு இல்லை, பிடிக்காவிட்டால் விலகவும் முடியும், ஆனால் இரண்டு வருடம் கழித்து "அன்றைக்கே போட்டிருக்கலாமே" என்று யோசித்தால் அந்த இரண்டு வருடம் திரும்பி வராது.

சரி, யாருக்குக் கிடைக்கும்? இங்கிலாந்தில் இதற்கு அடிப்படை நைஸ் என்ற அமைப்பின் வழிகாட்டி, 2025 ஜனவரியில் புதுப்பித்து வந்தது. பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண், கணக்கு கீழே) 40 அல்லது அதற்கு மேல் என்றால் ஒப்பரேஷனுக்குப் பரிந்துரைக்கலாம். 35-க்கும் 40-க்கும் இடையில் என்றால், எடை குறைந்தால் சீராகக்கூடிய ஒரு வருத்தம் கூடவே இருக்க வேண்டும்: சீனி வருத்தம், பிரஷர், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது, ஈரலில் கொழுப்பு, இப்படி ஏதாவது. இது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாத பகுதி இனித்தான். தெற்காசியர்களுக்கு இந்த எண்கள் எல்லாவற்றிலும் 2.5 குறையும். அதாவது 40 என்பது 37.5, 35 என்பது 32.5. வெள்ளைக்காரரை விடக் குறைந்த எடையிலேயே எங்களுக்குச் சீனியும் இருதய வருத்தமும் வந்துவிடுகின்றன, கொழுப்பு இடுப்பிலும் ஈரலிலும் போய்க் குந்துகிறது, காரணம் அதுதான்.

பிஎம்ஐ என்பது கிலோவை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் வகுப்பது. என் உயரம் 165 சென்டிமீட்டர், அதை வைத்துப் பார்த்தால் 40 என்பது 109 கிலோ, 37.5 என்பது 102 கிலோ, 32.5 என்பது 88 கிலோவும் கொஞ்சமும். 109-ஐப் பார்த்து "நான் அவ்வளவு இல்லையே" என்று திரும்பிப் போகிற ஒருத்திக்குச் சீனியும் இருந்தால் அவளுடைய எல்லை 88-தான். 20 கிலோ வித்தியாசம், ஒரு தகவல் தெரியாததால். இன்னொன்றும் இருக்கிறது: இரண்டாம் வகைச் சீனி வருத்தம் கண்டுபிடித்துப் பத்து வருடத்துக்குள் என்றால், 35-க்கு மேல் உள்ளவர்களை விரைவாக மதிப்பிட அனுப்ப வேண்டும், 30-க்கு மேல் உள்ளவர்களையும் யோசிக்கலாம் என்கிறது அதே வழிகாட்டி. அதிலும் எங்களுக்கு 2.5 கழியும்.

இதில் ஒரு முள் உண்டு. வழிகாட்டி சொல்வது ஒன்று, உங்கள் பகுதியில் காசு கொடுப்பவர்கள் செய்வது இன்னொன்று. 2022-இல் இங்கிலாந்தை 42 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஐசிபி என்று மருத்துவச் செலவைத் தீர்மானிக்கும் ஒரு சபையை வைத்தார்கள், ஒப்பரேஷனுக்கு யாரை அனுப்பலாம், அதற்கு முன் எத்தனை மாதம் எடைக் குறைப்புக் கிளினிக்கில் இருக்க வேண்டும் என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். அதனால் ஹரோவில் இருக்கும் உங்களுக்கும் லெஸ்டரில் இருக்கும் தங்கச்சிக்கும் ஒரே உடம்பு இருந்தாலும் ஒரே பதில் கிடைக்காது. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து எல்லாம் தனித்தனி ஏற்பாடு, இங்கே எழுதுவது இங்கிலாந்தைப் பற்றி மட்டும்.

இனி ஜீபியிடம் போவது. என் முதல் முயற்சி பத்து நிமிடத்தில் தோற்றது. முழங்கால் நோவு என்று புக் பண்ணிவிட்டு, கடைசி நிமிடத்தில் கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு "டொக்டர், இந்த ஒப்பரேஷன்..." என்று இழுத்தேன். அன்று இருந்தது ஒரு தற்காலிக வைத்தியர். கொம்பியூட்டரைப் பார்த்தார், 38 என்றார், 40 வேண்டும் என்றார், கொஞ்சம் நடவுங்கள், சோற்றைக் குறையுங்கள் என்றார். எனக்கு அப்போதே சீனி வருத்தம் பதிவில் இருந்தது, பழைய விதிப்படியும் 35 போதும், ஆனால் அது எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து எட்டு மாதம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த எட்டு மாதத்துக்கு அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கேட்கத் தெரியாமல் கேட்டதும் ஒரு பங்கு.

இரண்டாம் முறை எழுதிக்கொண்டு போனேன். இந்த விஷயம் பேசத்தான் வருகிறேன் என்று புக் பண்ணும்போதே சொன்னேன். உயரம், எடை, எத்தனை வருடமாகச் சீனி, என்ன மாத்திரை, இதுவரை எடை குறைக்கச் செய்த முயற்சிகள் எல்லாம் வருடத்தோடு ஒரு தாளில். கடைசி வரியில், "விசேட எடைக் குறைப்புச் சேவைக்கு அனுப்புங்கள், ஒப்பரேஷனுக்கு மதிப்பிட விரும்புகிறேன்" என்று. வாயால் சொல்வதற்கும் எழுதிக் கொடுப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. இந்த முறை வேறு வைத்தியர், அவர் தாளைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விதான் கேட்டார். அதில் முக்கியமானது, குறட்டை உண்டா? உண்டு, வீடே அதிரும். தூக்கப் பரிசோதனைக்கும் சேர்த்து அனுப்பினார், மூச்சுத் தடைப்படுகிறது என்று தெரிந்தது, அதற்கு இயந்திரமும் தந்தார்கள். குறட்டையை நாங்கள் பகிடியாக எடுக்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு வருத்தம் இருக்கலாம், அது பதிவில் ஏறினால் உங்கள் எல்லையையும் மாற்றிவிடும்.

ஆங்கிலம் தடுமாறும் அம்மாமார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று புக் பண்ணும்போதே கேளுங்கள், அது இலவசம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை முன்னால் எந்த அம்மா சாப்பாட்டைப் பற்றியும் அழுகையைப் பற்றியும் உண்மை சொல்வாள்?

அனுப்பியதும் நேரே கத்திக்குக் கூப்பிட மாட்டார்கள். இந்தச் சேவை நாலு படி. முதல் படி பொதுவான ஆரோக்கியப் பிரசாரம், இரண்டாவது பன்னிரண்டு வாரம் போன்ற சின்னத் திட்டங்கள், மூன்றாவது வைத்தியர், உணவு ஆலோசகர், உளவியலாளர் எல்லாம் சேர்ந்த கிளினிக், நான்காவதுதான் சத்திரசிகிச்சை. மூன்றாம் படியில் வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் இருக்க வேண்டி வரும், அதற்குள் நுழையவே ஒரு வரிசை, வெளியே வந்து ஒப்பரேஷனுக்கு இன்னொரு வரிசை. எனக்கு 2021 பெப்ரவரியில் கடிதம் போனது, மேசையில் படுத்தது 2023 ஜூன். இரண்டு வருடமும் நாலு மாதமும். இதைவிடக் குறைவாகவும் கேள்விப்பட்டிருக்கிறேன், அதிகமாகவும். எங்கே போவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இங்கிலாந்தில் உண்டு, எந்த மருத்துவமனையில் காத்திருப்பு குறைவு என்று ஜீபியிடம் கேட்டு அங்கே அனுப்பச் சொல்லலாம், கேட்காதவர்களுக்கு யாரும் தானாகச் சொல்வதில்லை. இன்னொன்று, அப்பொயின்ட்மென்டைத் தவற விடாதீர்கள். இரண்டு தரம் போகாவிட்டால் பெயரை வெட்டிவிட்டு ஜீபிக்குத் திருப்பி அனுப்பும் கிளினிக்குகள் உண்டு.

அந்த மூன்றாம் படியைப் பலர் தண்டனை மாதிரிப் பேசுவார்கள். எனக்கும் தொடக்கத்தில் எரிச்சல்தான், உணவுக் குறிப்பேட்டில் "புட்டு" என்று எழுதினால் உணவு ஆலோசகப் பிள்ளைக்கு அது என்னவென்று விளங்காது, ஒரு நாள் கமராவுக்கு முன்னால் புட்டைத் தூக்கிக் காட்டினேன். ஆனால் உண்மையைச் சொன்னால், என் ஒப்பரேஷன் இன்று வரை தாங்கி நிற்பதற்குக் காரணம் அந்த ஒரு வருடம்தான். இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வந்து பசியில்லாமல் ஏன் சாப்பிடுகிறேன் என்று முதன்முதலாக என்னிடம் கேட்டது அங்கேயிருந்த உளவியலாளர். நாற்பது வயது வரை யாரும் கேட்டதில்லை. "உண்ணாவிட்டால் உடம்பு என்னாகும்" என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது எதிர்ப் பக்கம். காசு கட்டி இங்கேயே தனியாரில் செய்யலாம். ஸ்லீவ், பைபாஸ் என்ற இரண்டு வகை ஒப்பரேஷனுக்கும் பொதுவாக 8,000 முதல் 15,000 பவுண்ஸ் வரை. சில வாரங்களில் முடிந்துவிடும். ஆளும் இங்கே இருக்கிறார், பதிவும் இங்கே இருக்கிறது, பிரச்சினை என்றால் போய்க் கதவைத் தட்டலாம். கையில் காசு இருந்தால் இதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கடன் எடுத்துச் செய்வதென்றால் விலைக்குள் எத்தனை வருடப் பின்தொடர்பு அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். சிக்கல் வந்து திரும்பக் கத்தி வைக்க வேண்டி வந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதையும்.

துருக்கி வேறு கதை. விமானம், ஹோட்டல், ஒப்பரேஷன், விமான நிலையத்திலிருந்து கூட்டிப்போக வான், எல்லாம் சேர்த்து 3,000 பவுண்ஸ் சுற்றில் விளம்பரம் வருகிறது. போய்வந்து நன்றாக இருப்பவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன், என் மச்சாள் ஒருத்தியே இருக்கிறாள். அங்கே உள்ள வைத்தியர்கள் எல்லாரும் மோசம் என்று சொல்வதும் அநியாயம். என் பிரச்சினை நாட்காட்டியோடுதான். வெட்டித் தைத்த இடத்தில் கசிவு வந்தால் அது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் தலை காட்டும், நீங்களோ ஐந்தாம் நாள் விமானத்தில் ஏறிவிடுவீர்கள். காய்ச்சல் தொடங்கும்போது வெட்டியவர் இஸ்தான்புல்லில், நீங்கள் வெம்பிளியில், கையில் இருப்பது ஒரு வாட்ஸ்அப் நம்பர். அவசரம் என்றால் என்.எச்.எஸ் பார்க்கும், உயிரைக் காப்பாற்றும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வழமையான பின்தொடர்பைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளாது. பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சே தன் துருக்கிப் பயண ஆலோசனையில் மருத்துவச் சிகிச்சைக்குப் போய் இறந்த பிரித்தானியர்களைப் பற்றி எச்சரித்து வைத்திருக்கிறது. மச்சாள் போகும்போது அவளுடைய பிஎம்ஐ 33, யாரும் உளவியல் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை, போன அன்றே இரத்தம் எடுத்து மறுநாள் செய்தார்கள். இரண்டு வருடம் கழித்துக் களைப்பு, கை விறைப்பு என்று வந்தபோது விட்டமின் பி12 அடி மட்டத்தில் கிடந்தது. வாழ்நாள் முழுக்க விட்டமின் எடுக்க வேண்டும் என்று தனக்குச் சொன்னதாக அவளுக்கு நினைவே இல்லை.

சென்னைக்குப் போய்ச் செய்வதைப் பற்றியும் கேட்கிறார்கள். மொழி விளங்கும், சொந்தக்காரர் வீட்டில் கஞ்சி வைத்துத் தருவார்கள், இரண்டு மூன்று வாரம் தங்கி வரலாம், இந்த மூன்றும் துருக்கியை விட நல்லது. லண்டனுக்குத் திரும்பிய பிறகு வரும் சிக்கல் மட்டும் அதேதான்.

ஒப்பரேஷன் என்று நாங்கள் நினைப்பது அந்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்தை. அது சின்னப் பகுதி. ஆபத்தும் முன்னைப் போல இல்லை, இங்கே இறப்பு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான். அதற்குப் பிறகு வருவதுதான் நீளம். என்.எச்.எஸ்ஸில் செய்தால் முதல் இரண்டு வருடம் சத்திரசிகிச்சைக் குழுவே பார்க்கும், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று இரத்தம் எடுக்கும், அதன் பிறகு ஜீபியிடம் ஒப்படைத்து வருடத்துக்கு ஒரு தரம், சாகும் வரை. பல்விட்டமின், கல்சியம், விட்டமின் டி, இரும்பு, மூன்று மாதத்துக்கு ஒரு பி12 ஊசி. ஐபுப்ரோஃபென் என்ற நோவு மாத்திரையைத் தொடக்கூடாது, முக்கியமாகப் பைபாஸ் செய்தவர்கள், உள்ளே புண் வந்துவிடும். தலையிடி என்று வந்து ஐபுப்ரோஃபென் கேட்பவரிடம் "வயிற்றில் ஒப்பரேஷன் ஏதும்?" என்று நான் கேட்டால் சிலர் முறைக்கிறார்கள், நான் கேட்டே தீருவேன். மூன்றாம் மாதத்திலிருந்து தலைமயிர் கொட்டியது, பின்னல் பாதியானது, ஒரு வருடத்தில் திரும்ப வந்தது. வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் வரலாம். ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்குக் கர்ப்பம் தரிக்கக்கூடாது. தொங்கும் தோலை வெட்ட என்.எச்.எஸ் பொதுவாகக் காசு தராது. இது எல்லாம் எங்கே செய்தாலும் ஒன்றுதான், கவனித்துப் பார்ப்பதற்கு யார் கூட இருக்கிறார்கள் என்பதுதான் வேறு. 3,000-க்கும் 10,000-க்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தில் பெரும்பங்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஸ்லீவா பைபாஸா என்பதை நீங்கள் தனியாக முடிவெடுக்கத் தேவையில்லை, ஆனால் தெரிந்து வைத்திருங்கள். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் போல ஒரு குழாயை மிச்சம் விடுவார்கள், வெட்டியது திரும்ப ஒட்டாது. பைபாஸில் மேலே ஒரு சின்னப் பையை ஆக்கி அதைச் சிறுகுடலில் கொஞ்சம் கீழே உள்ள ஒரு இடத்தோடு இணைப்பார்கள். நெஞ்செரிவு ஏற்கெனவே இருந்தால் ஸ்லீவ் அதைக் கூட்டக்கூடும், சீனி வருத்தத்துக்குப் பைபாஸ் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும். எனக்குப் பைபாஸ். அதற்கு ஒரு விலை உண்டு: கலியாண வீட்டில் அரைக் கப் பாயாசம் குடித்துவிட்டு அரை மணி நேரம் வியர்த்து, நெஞ்சு படபடத்து, மண்டபத்துக் கழிவறையில் இருந்திருக்கிறேன். ஒப்பரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் ஈரலைச் சுருக்க மாச்சத்துக் குறைந்த உணவு, ஒரு பிடி சோறும் இல்லை. பிறகும் பல மாதம் சோறும் பாணும் நெஞ்சில் சிக்கும். புட்டு சொல்லவே வேண்டாம்.

104 கிலோவிலிருந்து 74-க்கு வந்தேன், இப்போது 77. சீனி மாத்திரையான மெட்ஃபோர்மின் நின்றுவிட்டது, வருடாந்தச் சீனிப் பரிசோதனை நிற்காது.

ஊசிக்கு வருகிறேன், இப்போது ஊரெல்லாம் அதே பேச்சு. நான் வரிசையில் நின்ற காலத்தில் இது இவ்வளவு பரவவில்லை, இருந்திருந்தால் முதலில் அதைத்தான் முயன்றிருப்பேன், ஒளிப்பானேன். மவுஞ்சாரோ என்ற ஊசியின் பெரிய ஆய்வில் உச்ச அளவு எடுத்தவர்களுக்கு 72 வாரத்தில் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஒப்பரேஷனில் வழக்கமாக நாலில் ஒரு பங்கும் அதற்குக் கொஞ்சம் மேலும். அதிகம் தூரமில்லை. வித்தியாசம் நிறுத்தும்போது தெரியும், ஊசியை விட்டவர்களுக்குப் பெரும்பாலும் எடை திரும்பி ஏறுகிறது. ஒப்பரேஷன் செய்தவர்களுக்கும் கொஞ்சம் ஏறும், என் மூன்று கிலோ மாதிரி, ஆனால் அப்படி ஓடி ஏறாது.

என்.எச்.எஸ்ஸில் மவுஞ்சாரோ ஜீபி வழியாக 2025 ஜூனிலிருந்து கொடுக்கத் தொடங்கினார்கள், வாசல் மிகச் சின்னது. முதல் வருடத்துக்கு வைத்த விதி: பிஎம்ஐ 40, எங்களுக்கு 37.5, அதோடு ஐந்து வருத்தங்களில் குறைந்தது நாலு இருக்க வேண்டும், இரண்டாம் வகைச் சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் கோளாறு, இருதய நோய், தூக்கத்தில் மூச்சுத் தடை. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் திட்டம். வெகோவி என்ற இன்னொரு ஊசி விசேட கிளினிக் வழியாக, அதிகபட்சம் இரண்டு வருடத்துக்கு. அதனால்தான் பெரும்பாலானவர்கள் காசுக்கு வாங்குகிறார்கள். 2025 செப்டெம்பரில் மவுஞ்சாரோ தயாரிப்பாளர் விலையை ஏற்றினார்கள், உச்ச அளவுக்கு மாதம் 122 பவுண்ஸ் என்றிருந்த பட்டியல் விலை 330 ஆனது. அந்த வாரம் எங்கள் கவுண்டரை மறக்க மாட்டேன். மாதம் 250 என்று வைத்தாலும் வருடத்துக்கு 3,000, மூன்றே கால் வருடத்தில் தனியார் ஒப்பரேஷன் செலவு கைவிட்டுப் போயிருக்கும், ஊசி நின்றபாடில்லை. வரிசையில் நிற்கும்போது காசுக்கு ஊசி போடுபவர்கள் கிளினிக்கிடம் மறைக்காமல் சொல்லி, எந்த நாளின் எடையைக் கணக்கில் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். சில இடங்களில் பரிந்துரைத்த அன்றைய எடை, சில இடங்களில் அப்படி இல்லை. எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டு வரிசையையும் இழந்து, பிறகு ஊசிக்கும் காசு முடிந்தால் இரண்டும் இல்லை.

யாரும் பேசாத ஒன்று மிச்சம் இருக்கிறது: சூப்பும் ஷேக்கும். சீனி கண்டுபிடித்து ஆறு வருடத்துக்குள், வயது 18 முதல் 65, பிஎம்ஐ 27-க்கு மேல், எங்களுக்கு 25, இவ்வளவு இருந்தால் ஜீபி அனுப்பக்கூடிய ஒரு வருடத் திட்டம் இங்கிலாந்தில் இருக்கிறது, இலவசம். முதல் பன்னிரண்டு வாரம் நாளுக்கு 800 முதல் 900 கலோரி, எல்லாம் பாக்கெட்டில் வரும் சூப், ஷேக். இதன் வேர் நியூகாசிலில் ரோய் டெய்லரும் கிளாஸ்கோவில் மைக் லீனும் நடத்திய டைரெக்ட் ஆய்வு, அதில் இந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்களில் 46 வீதமானவர்களுக்கு ஒரு வருட முடிவில் மருந்தில்லாமலே சீனி, சீனி வருத்தத்துக்கான எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தது. கேட்பதற்குச் சாதாரணமாக இருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த மூன்று பேரிடம் வருகிறேன். முதலாவது ஒரு அன்ரி, 58 வயது, சீனி வந்து இரண்டு வருடம், பிஎம்ஐ 29. மகளுடைய பேச்சைக் கேட்டு ஒப்பரேஷன் பற்றிக் கேட்க வந்தார். எங்கள் எல்லைப்படி அவரையும் மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம்தான், பெயரைப் போடுங்கள், ஆனால் வரிசை நகரும் முன் சூப் திட்டத்தைக் கேளுங்கள் என்றேன், "மூண்டு மாசம் சோறில்லாமலோ?" என்று நெஞ்சில் கை வைத்தார். ஒப்பரேஷன் செய்தாலும் அதேதான் அன்ரி என்றேன்.

இரண்டாவது பெண்ணுக்கு 47 வயது, பிஎம்ஐ 39, சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல், இரவில் மூச்சு இயந்திரம், அதாவது அந்த நாலும் சரியாக இருக்கிறது. மாதம் 200-க்கு மேல் கொடுத்து எங்களிடமே ஊசி வாங்கிக்கொண்டிருந்தார். காசில்லாமல் கிடைக்கக்கூடியதைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள், ஜீபியிடம் கேளுங்கள், ஒப்பரேஷனுக்கும் அதே கடிதத்தில் அனுப்பச் சொல்லுங்கள், வரிசை நகரும் வரை ஊசி வேலை செய்யட்டும் என்றேன். கடை முதலாளிக்கு இது காதில் விழாமல் இருக்கட்டும்.

மூன்றாவது ஒரு தம்பி, 34 வயது, பிஎம்ஐ 36, துருக்கிக்கு 500 பவுண்ஸ் முற்பணம் கட்டிவிட்டார். ஜீபியிடம் ஒரு தரமும் கேட்டதில்லை, "அவை தரமாட்டினம் அக்கா" என்று அவராகவே முடிவெடுத்திருந்தார். குறட்டை விடுவீரோ என்றேன். மனைவி பக்கத்தில் நின்று சிரித்தார், அவர் தனி அறையில் படுக்கத் தொடங்கி ஒரு வருடமாம். அது மூச்சுத் தடை என்று தெரிந்தால் 32.5-க்கு மேல் எவ்வளவோ தாண்டி நிற்கிறீர் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். முற்பணத்தை விட மனமில்லை, எனக்கும் அது விளங்குகிறது, 500 பவுண்ஸ் 500 பவுண்ஸ்தான். டிக்கெட்டை இன்னும் ரத்துச் செய்யவில்லை. ஆனால் அன்றே கவுண்டரில் நின்றபடி ஜீபியின் ஒன்லைன் படிவத்தைத் திறந்தார், காலை எட்டு மணிக்கு போனில் இருபதாவது ஆளாகத் தொங்குவதை விட அது நல்லது, "உயரம் எவ்வளவு போடுறது?" என்று மனைவியிடம் கேட்டார். அவர் 172 என்றார். தம்பி 175 என்று அடிக்கப் போனார்.

அதிலே 3 சென்டிமீட்டர் கூட்டினால் பிஎம்ஐ ஒரு புள்ளிக்கு மேல் குறைந்துவிடும் என்று கையைப் பிடித்து நிறுத்தினேன்.